பேசாத பதினான்கு மாதம்

அந்தக் குழந்தையை எல்லோரும் மிளகு என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. ஒரு வயதுக்குள் எடையெல்லாம் தேறிவிட்டது; பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பெயர் வைத்தது தராசு அக்காதான். அவருக்கே அது பட்டப்பெயர். குழந்தைகள் நல மையத்திலிருந்து எடைக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைக்குழந்தை இருக்கும் வீடாகப் பார்த்து ஏறி இறங்குவது அவர் வேலை. எடை பார்ப்பார், உயரம் பார்ப்பார், அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று விசாரிப்பார். தங்கமான மனசு. வாய்தான் கொஞ்சம் வேகம். எதிரில் இருப்பவர் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லி முடித்துவிடுவார்.

மிளகின் வீடு இரண்டாவது மாடியில். அப்பா பஸ் ஓட்டுநர். அம்மா வீட்டிலேயே தையல்: பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடையைப் பிரித்துப் பெரிதாக்குவது. அக்கா எப்போது போனாலும் தையல் இயந்திரத்தின் மேல் செல்போன் சாய்த்து வைத்திருக்கும். அதில் ஒரு பெண் குரல் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருக்கும். குழந்தை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த வயதில் மற்ற குழந்தைகள் எதையாவது உளறிக்கொட்டும். மிளகிடம் சத்தமே குறைவு.

"காது நல்லா கேக்குதான்னு டெஸ்ட் எடுத்துடுவோம்," என்றார் அக்கா. எடுத்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை.

"அப்போ இந்த போன்தான் வில்லன். இதை அணைச்சுட்டு நீங்க பேசுங்கம்மா. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, சும்மா வாய்க்கு வந்ததைப் பேசிக்கிட்டே இருங்க. சரியா?"

அவள் தலையாட்டினாள். "பேசச் சொல்றேன் மேடம்," என்று அவளுக்காக ஓட்டுநர் பதில் சொன்னார். எப்போதும் அவர்தான் பதில் சொல்வார். கூச்ச சுபாவம் போல என்று அக்கா குறித்துக்கொண்டார்.

மையம் ஒரு பழைய தபால் நிலையத்தில் இருந்தது. தபால்தலை விற்ற கவுன்டரில் இப்போது பொம்மைகள். புதன்கிழமை காலைகளில் அம்மாக்களும் இரண்டு மூன்று அப்பாக்களும் குழந்தைகளோடு வந்து பாயில் வட்டமாக உட்காருவார்கள். வாரம் ஒருவர் படப் புத்தகம் வாசிக்க வேண்டும். கூச்சத்தை உடைத்துவிடலாம் என்று நினைத்து, ஒரு புதன்கிழமை அக்கா புத்தகத்தை மிளகின் அம்மா மடியில் வைத்தார்.

"இந்த வாரம் நீங்க. வெறும் படம்தான், பயப்படாதீங்க."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். குளத்தில் ஒரு வாத்து.

"வா..." என்றாள். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "வா... வா..."

"வாத்து!" என்றார் அக்கா, கையைத் தட்டி. குழந்தைகளும் தட்டின. யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் புத்தகத்தை மூடி வைத்தாள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், ஒரு செருப்பைச் சரியாக மாட்டாமலேயே வெளியே போய்விட்டாள்.

மூன்று வாரம் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போனால் கதவும் திறக்கவில்லை. உள்ளே தையல் இயந்திரம் ஓடும். மணி அடித்ததும் நின்றுவிடும்.

மூன்றாவது தடவை அக்கா எடைக்கருவியை மையத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனார். மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி மூடிய கதவைப் பார்த்துப் பேசினார்.

"நான் பண்ணது தப்பும்மா. உங்களுக்குத் திக்கும்னு எனக்குத் தெரியல. பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குறேன், அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உங்களைக் கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். திட்டணும்னா திறந்து திட்டுங்க. வேண்டாம்னா இப்படியே போயிடுறேன்."

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தையும் முள்வேலியில் மாட்டிய துணி மாதிரி இழுபட்டு வந்தது. அடுத்த வார்த்தை என்னவென்று அக்காவுக்குத் தெரிந்த இடங்கள் நிறைய இருந்தன. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய அப்பாவுக்கும் திக்கும். அப்பா பேசக் கேட்டே அவளுக்கு ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். தங்கை பிறந்ததும், "பாப்பா முன்னாடி வாயைத் திறக்காத" என்று அம்மா கட்டளை போட்டுவிட்டாள். தங்கைக்குத் திக்கவில்லை. அதனால் அது உண்மை என்றே இவள் நம்பிவிட்டாள்.

"அ... அதான்கா. இவளுக்கு என் குரலே வே... வேண்டாம்னு. போன்ல இருக்கிற அந்தம்மா நல்லா பே... பேசுறாங்க இல்ல?"

மிளகு பிறந்ததிலிருந்து அவள் குழந்தையிடம் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசியதில்லை. தூக்கினாள், முத்தம் கொடுத்தாள், நாக்கால் சத்தம் எழுப்பினாள். ஆசையாகப் பேச வந்ததையெல்லாம் குழந்தை தூங்கிய பிறகு குளியலறையில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஒரே வார்த்தையில் தேற்றிவிடத்தான் அக்காவுக்கு வாய் வந்தது. ஆனால் அவருக்கே நிச்சயமாகத் தெரியாது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு நாளைக்கு வர்றேன்."

மையத்துக்கு மாதம் இருமுறை வரும் பேச்சுப் பயிற்சியாளரை அன்று மாலையே போனில் பிடித்தார். மறுநாள் வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னார்.

"திக்குறதைக் கேட்டா திக்கு வராதாம். அது தொத்து வியாதி இல்லை. சில குடும்பத்துல பரம்பரையா வர்றது உண்டாம். அது நீங்க பேசினாலும் ஒண்ணுதான், பேசாட்டியும் ஒண்ணுதான். வந்தா சின்னதுலயே பாத்துக்க வழி இருக்கு. ஆனா பேச்சே காதுல விழாம வளர்றதுதான் பிள்ளைக்கு நஷ்டமாம். போன்ல பேசுறவங்க இவ சிரிச்சா திருப்பிச் சிரிக்க மாட்டாங்கல்ல?"

அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"ப... பதினாலு மாசம்கா."

"ஆமா. போனது போகட்டும். இன்னும் எவ்வளவு பேசக் கிடக்கு."

அவள் எழுந்து போனை அணைத்தாள். அறை வெறிச்சென்றது. மிளகு போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அழலாமா என்று யோசித்தாள். அம்மா தைக்க வந்த பழைய கோட்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்து, அதில் தைத்திருந்த பெரிய சிவப்புப் பொத்தானைக் காட்டினாள்.

"இ... இது..." நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ப... ப... ப... பட்டன்."

கண்ணைத் திறந்தபோது குழந்தை பொத்தானைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவசரம் இல்லை, பரிதாபம் இல்லை. அடுத்து என்ன வருமோ என்று வேடிக்கை பார்க்கிற முகம்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். இன்னும் நேரம் எடுத்தது. குழந்தை அசையவில்லை.

"அக்கா," என்றாள், கன்னத்தைத் துடைத்தபடி. "நான் மு... முடிக்கிற வரைக்கும் இவ கா... காத்திருக்கா. இதுவரைக்கும் யாரும்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா அதை முடித்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு தொடங்கியது. தைத்துக்கொண்டே பேசினாள், வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள். கஷ்டப்பட்டவர் ஓட்டுநர்தான். இருபது வருஷமாக ஹாரன் அடித்தே பழகியவர், மனைவி ஒரு வார்த்தையில் நிற்கும்போதெல்லாம் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. "சிக்னல்ல நிக்கிறேன்னு நெனச்சுக்கிறேன் மேடம்," என்று அக்காவிடம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு அவள் மையத்துக்குள் ஓடி வந்தாள். இடுப்பில் மிளகு. முகத்தில் ரத்தமே இல்லை.

"தி... திக்குதுக்கா! 'பப்பப்பட்டா'ங்குறா! வந்துடுச்சு!"

அக்கா பாயில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளைக் காட்டினார். ஒன்று "தத்தத்தா" என்றது. இன்னொன்று கரண்டியால் பாயை அடித்து "மம்மம்மம்மா" என்றது.

"இதுங்க எல்லாத்துக்கும் திக்குதா? பேசிப் பழகுறாங்கம்மா. உங்க பொண்ணு பட்டன்னு சொல்லிட்டா. முதல் வார்த்தை!"

அவள் குழந்தையையே பார்த்தாள். அப்புறம் அங்கிருந்த சின்ன நாற்காலியில், அது தாங்குமா என்றுகூடப் பார்க்காமல், பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அக்கா அன்றைக்குத்தான் கேட்டார்.

மூன்று வயதில் மிளகை மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். மையத்தின் கோப்போடு அக்காவும் போயிருந்தார். வரிசை நீளம். எழுத்தருக்கு அவசரம்.

"குழந்தை பேரு?"

பெயர்தான் அவளுக்கு எப்போதும் மலை. வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றது. எழுத்தர் தன் பங்குக்கு ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தார். அது இல்லை. இன்னொன்றைச் சொன்னார். அக்கா நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு பின்னால் நின்றார்.

மேசை விளிம்பில் மோவாயை வைத்தபடி மிளகு எழுத்தரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருங்க," என்றாள். "அம்மா பேசுறாங்க."

கோபமில்லை, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசையே அடங்கியது. அம்மா மூச்சு எடுத்து, தடுக்கி, மறுபடி எடுத்து, மகளின் பெயரை முழுசாகச் சொன்னாள்.

எழுத்தர் பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிமிர்ந்தார். குரல் இப்போது தணிந்திருந்தது.

"ரெண்டு சுழியாம்மா, மூணு சுழியா? மெதுவாவே சொல்லுங்க."