சிவப்பு மாட்டின் ரத்தம்

1.

ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது: இந்தக் கதை, இதை எழுதுகிற அமல்தாஸ் மயங்கி விழுந்ததில் பிறந்தது. ‘நான்’ என்று எழுதவிட்டால் தன்னை வீரனாக்கிக்கொள்கிறார். அதனால் கதை அவரைப் படர்க்கையில் வைத்திருக்கிறது.

முதல் தொடக்கம்: “மாரண்டஹள்ளியின் செந்நிற விடியலில் ஒரு துளி...”

(அப்போது மணி பதினொன்று. நல்ல வெயில்.)

2.

அவர் மனைவி ஷைனி கால்நடை ஆய்வாளர். உதவியாளர் விடுப்பில் இருந்ததால் ஐஸ் பெட்டி தூக்க அமல்தாஸ் போனார். மாரண்டஹள்ளியில் காசியம்மாள் என்பவளின் மாடு போன மாதம் குறைமாதத்தில் கன்றை வீசியிருந்தது. தொற்றும் கன்று வீச்சு நோயா என்று பார்க்க ரத்தம் எடுத்துத் தருமபுரிக்கு அனுப்ப வேண்டும்.

காசியம்மாள் ஒரு சிவப்பு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷைனி அதன் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினாள். குழாயில் ரத்தம் ஏறியது. அமல்தாஸ் தரைக்கு இறங்கினார்.*

கண் திறந்தபோது மாட்டு வயிற்றுக்குக் கீழ் வழியாக, வைக்கோல் போரின் ஓரத்தில், நான்கு கருப்புக் கால்கள் தெரிந்தன.

“அங்க இன்னொரு மாடு நிக்குதே?”

ஷைனி திரும்பினாள். “அக்கா, கன்னு வீசுனது எது?”

காசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “கருப்பிதானுங்க டாக்டரம்மா. நோவுன்னு எழுதிட்டா எங்க வூட்டுப் பாலை யாரு வாங்குவா? இதோட ரத்தத்தையே குடுத்துருங்க.”

* இந்தக் கதைக்கு ஆசிரியரின் ஒரே பங்களிப்பு.

3.

இந்த இடத்தில் ஷைனிக்காக அரைப் பக்கம் வசனம் எழுதினார். “கடமை என்பது...” படித்துவிட்டு, “நான் எப்பங்க இப்படிப் பேசுனேன்?” என்றாள். அடித்துவிட்டார். அன்று அவள் கேட்டது இதுதான்:

“கன்னை யாரு இழுத்துப் போட்டது?”

“நாந்தானுங்க. வெறுங்கையால.”

“காய்ச்சல் ஏதாச்சும் இருக்கா?”

“பத்து நாளா பொழுது சாஞ்சா வருதுங்க. இடுப்பெல்லாம் வலி. மாத்தர போட்டா வுடுது.”

“இந்த நோவு மனுசருக்கும் ஒட்டும்க்கா. மாட்டுக்கு இல்லைன்னு பொய்யா வந்துட்டா, உங்க காய்ச்சல் எதுனாலன்னு ஒருத்தரும் தேட மாட்டாங்க.”

காசியம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு கருப்பியை அவளே அவிழ்த்து வந்து, மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

“எடுங்க.”

மத்தியானம் அவர்களோடு பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து தன் கையையும் நீட்டினாள். அமல்தாஸ் வெளியே நின்றுகொண்டார்.

4.

முடிவு அ: கருப்பி, காசியம்மாள் இரண்டு பேர் ரத்தத்திலும் நோய் இல்லை. (கதைக்கு இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: இரண்டிலும் இருக்கிறது. கருப்பி தனியாகக் கட்டப்படுகிறது. காசியம்மாளுக்கு ஆறு வாரம் மாத்திரை, அவள்... (அழ வைக்கப் பார்க்கிறார்.)

உண்மையான முடிவுகள் வந்துவிட்டன. ஷைனி செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாள். நேற்று சந்தையில் பார்த்தபோது காசியம்மாள் தக்காளிக்காரனை அதட்டிக்கொண்டிருந்தாள். கதை எழுதுவதை அமல்தாஸ் சொன்னார்.

“பேரை மாத்திருங்க சார். என்ன வந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. ஊர்ல படிக்கறவங்க இருக்காங்க.”

பேரை மாற்றியாயிற்று. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தன் கதையைப் படிக்க ஊரில் ஆள் இருக்கிறது என்று அமல்தாஸ் கேள்விப்பட்டது இதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் பேனாவை மூடிவிட்டார்.