இருட்டாக இருக்க வேண்டிய வட்டம்

“நோய்நொடி இல்லாத ஆளு ஒருத்தர் வேணும்.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“உன்னை விட்டா யாரு? மழையில நனைஞ்சாக்கூடத் தும்மாத ஜென்மம் நீ.”

“கண்ணு வைக்காதீங்க. சீக்கிரம் குத்துங்க, அடுப்புல பால் இருக்கு.”

கல்யாணமான புதிதில், சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து அவளிடம் முதன்முதலாக ரத்தம் எடுத்தபோது நடந்த பேச்சு அது. அவன் ஆய்வுக்கூட டெக்னீஷியன். உடம்பு தன்னையே பகையாளியாக நினைத்துத் தாக்கும் வியாதிகளுக்கான சோதனை அவன் பொறுப்பு. கண்ணாடித் தகட்டில் வட்டம் வட்டமாக உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவருடைய ரத்தநீர். அதில் தப்பான ஆன்டிபாடி இருந்தால், அணுவுக்குள் தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே ஊற்றும் சாயம் அதைப் பச்சையாக ஒளிரவைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் ஒன்றும் வேண்டும். கடைசி வட்டம் மனைவியுடையது. அவளுக்கு ஆய்வுக்கூடம் வைத்த பெயர் ‘நார்மல்’. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

இருட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் அவளைத்தான் பார்ப்பான். ஒளியே இல்லாத அந்த வட்டத்தில் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும். பிறகு நோயாளிகளிடம் போவான்.

அன்று கண் பழகவில்லை. அவளுடைய வட்டத்தில் யாரோ விழித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஒவ்வொரு அணுவுக்குள்ளும் பச்சைப் பொட்டுகள், ஊசிமுனையால் குத்தியது போல. இரண்டாகப் பிரியத் தயாராக இருந்த அணுக்களில் மட்டும் அந்தப் பொட்டுகள் நடுவில் ஒரே வரிசையாக நின்றன, யாரோ கூப்பிட்டு நிறுத்திவைத்த மாதிரி. தோலை மெல்ல மெல்ல இறுக்கும் ஸ்கிளீரோடெர்மாவில் வரும் பொட்டுகள். எத்தனையோ பேருடைய ரத்தத்தில் பார்த்தவன்தான்.

வட்டம் மாற்றி ஊற்றிவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். புதுத் தகட்டில் திரும்பச் செய்தான். பொட்டுகள் அசையாமல் இருந்தன. உறைபெட்டியின் அடியிலிருந்து அவளுடைய பழைய குப்பிகளைத் தோண்டி எடுத்தான். போன வருஷத்து ரத்தம் சற்று மங்கலாக மினுங்கியது. அதற்கு முந்தையதில், வெகுநேரம் உற்றுப் பார்த்த பிறகு, புகைக்குள்ளிருந்து வருவது போல அதே பொட்டுகள் மெதுவாக எழுந்து வந்தன. இருட்டு என்று நினைத்து அவன் கடந்துபோன வட்டங்கள் அவை. கண் பழகுவதற்காக நின்றானே தவிர, பார்ப்பதற்காக ஒருநாளும் நிற்கவில்லை.

ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார்.

“சென்ட்ரோமியர் பொட்டு. பாடப்புத்தகத்துல போடலாம், அவ்ளோ அழகா இருக்கு. யாரு பேஷன்ட்?”

“நார்மல் மேடம்.”

அவர் நிமிர இரண்டு நொடி ஆனது.

“பதறாதீங்க. பொட்டு தெரிஞ்சா வியாதி வந்துடுச்சுன்னு ஆகாது. சிலருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணும் வராது. சிலருக்கு வியாதிக்கு வருஷக்கணக்கா முன்னாடியே பொட்டு வந்து உக்காந்திருக்கும். குளிர்ல விரல் வெளுக்குதா அவங்களுக்கு?”

அவனுக்குத் தெரியவில்லை. பெண்டாட்டியின் ரத்தத்தை நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவனுக்கு அவள் விரல் என்ன நிறம் என்று தெரியவில்லை.

அன்று மதியமே அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவள் ஃபிரிட்ஜைத் திறந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பால் பாக்கெட்டை எடுத்தாள். எத்தனை நாளாக இப்படி எடுக்கிறாள்?

“என்னங்க, இந்நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?”

“கையைக் காட்டு.”

“என்ன, திடீர்னு ஜோசியமா? வெளிநாட்டுப் பயணம் இருக்கான்னு பாருங்க.”

“காட்டும்மா.”

சிரிப்பு நின்றது. பாக்கெட்டை வைத்துவிட்டு முந்தானையை அவிழ்த்தாள். இரண்டு விரல்கள் பாதிவரை மெழுகு போல வெளுத்திருந்தன. அங்கே கோடு போட்டு நிறுத்தியது போல மீதி விரல் மட்டும் அவளுடையதாக இருந்தது. அவன் தொட்டான். மோதிரத்துக்கு மேலே தோலைக் கிள்ளிப் பார்த்தான். தோல் எழும்பவில்லை.

“முதல்ல வெளுக்கும்,” என்றாள் அவள், பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்வது போல. “அப்புறம் நீலம். அப்புறம் சிவந்து எரியும். ராத்திரி நீங்க தூங்கினதும் கக்கத்துல வெச்சுக்குவேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது? ஊரெல்லாம் என்னை நார்மல்னு சொல்லிட்டுத் திரியறீங்க. எனக்கே பயமா இருந்துச்சுங்க. ஒவ்வொரு தடவை நீங்க ஊசி போடும்போதும், என் வாயால வராததை இந்த ரத்தம் போய்ச் சொல்லிடும்னு நினைச்சுக்குவேன். சாயங்காலம் வாசலையே பாத்துட்டிருப்பேன். நீங்க விசிலடிச்சுக்கிட்டு வருவீங்க. அப்ப என் ரத்தத்துக்கும் என்னைத் தெரியல போலன்னு விட்டுடுவேன்.”

அவன் பேச வாயெடுத்தான். அவள் தலையசைத்து நிறுத்தினாள்.

“இருங்க, நான் சொல்லிடறேன். இப்ப விட்டா மறுபடி முழுங்கிடுவேன்.”

அவன் கைகளுக்குள் இருந்த அந்த விரல்கள் இன்னும் சூடேறவில்லை.

“இத்தனை நாளா மத்தவங்க வியாதியைக் கண்டுபிடிக்கத்தான் என் ரத்தத்தைப் பாத்தீங்க. ஒரே ஒரு தடவை, எனக்காகப் பாருங்களேன்.”