குஞ்சு காத்த விரால்

றொபின்சன் மாத்தளை டவுனில் வாகனம் ஓட்டப் பழக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்விடுவார். சாப்பாட்டுக்காக இல்லை. பிடித்த மீனைப் படமெடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் அவர் வழக்கம். அவரைப் போன்றவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதைத் தொடங்கியவரும் அதற்குச் சட்டம் போட்டவரும் அவர்தான்.

அந்தச் சட்டங்களில் அவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதது ஒன்று: குஞ்சோடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் போடக் கூடாது. சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுக்கும்போது தாய் விரால் கீழே காவல் நிற்கும். பசி இல்லாவிட்டாலும், பக்கத்தில் வருகிற எதையும் பாய்ந்து கடிக்கும். அதனால் அதைப் பிடிப்பது சுலபம். அது போய்விட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அன்ஸார், தான் பிடித்த விராலின் படத்தைக் குழுவில் போட்டார். படத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு திட்டுத் தெரிந்தது. றொபின்சன் அதைப் பெரிதாக்கி, வட்டம் போட்டு, எல்லோரும் பார்க்கத் திருப்பி அனுப்பினார். கூடவே குரல் பதிவு ஒன்று.

"அன்ஸார் நானா, வயசுக்கு மூத்தவரு நீங்க. வெக்கமா இல்லையா? தாய அடிச்சு எடுத்துட்டுப் பல்லக் காட்டிக்கிட்டுப் படம் வேற. இந்த மாதிரி ஆளுங்களுக்கு இங்க எடமில்ல."

'நான் குஞ்சக் கவனிக்கல்ல. மன்னிச்சுக்கங்க' என்று அன்ஸார் எழுதினார். அதை வாசித்த பிறகுதான் றொபின்சன் அவரை நீக்கினார். பலர் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். அன்று முழுக்க றொபின்சனுக்கு நல்ல உற்சாகம்.

அதன் பிறகு அவருடைய தூண்டிலில் உருப்படியாக எதுவும் படவில்லை. நண்பர் பஸ்லி போகிற இடமெல்லாம் மீனெடுத்தார். "மாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று குழுவில் கேலி பேசினார்கள். றொபின்சன் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பார்.

போன ஞாயிறு பஸ்லியின் வேனில் இருவரும் ரிவர்ஸ்டன் வழியாக லக்கலப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் பஸ்லி மூன்று விரால்களைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். றொபின்சனுக்கு ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தால் யானை தண்ணிக்கு இறங்கும். அதற்கு முன் கிளம்பியாக வேண்டும்.

"மச்சான், நான் அஸர் தொழுதிட்டு வாறேன். வந்ததும் போவம்" என்று சொல்லிவிட்டு பஸ்லி மேட்டிலிருந்த மரத்தடிக்குப் போனார்.

அப்போதுதான் றொபின்சன் அதைக் கண்டார். நாணல் ஓரத்தில் தண்ணீர் தூறல் விழுந்தது போல நடுங்கியது. நடுவே சிவப்பு. காய்ந்த இலையாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பஸ்லி தொழுகையில் நின்றிருந்தார்.

தூண்டிலில் இரையாக மாட்டிய ரப்பர் தவளையை வீசினார். தண்ணீர் ஒரு புரள் புரண்டது. விரால் கடிக்கவில்லை, விரட்டத்தான் வந்தது. மறுபடி, இந்த முறை குஞ்சுகளின் நடுவாலேயே இழுத்தார். அவை சிதறின. விரால் பாய்ந்து கவ்வியது.

கரைக்கு இழுத்தபோதுதான் எவ்வளவு பெரிய மீன் என்று தெரிந்தது. கொக்கி செவுளில் ஏறியிருந்தது. கழற்றும்போது விரலெல்லாம் இரத்தம். தண்ணீரில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பிழைக்காது.

"யா அல்லாஹ், இது எப்பிடி மச்சான்?" பஸ்லி சந்தோஷமாக ஓடி வந்தார். "தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி."

றொபின்சன் தூக்கிப் பிடித்தார். பஸ்லி போனை நீட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். போனைக் கொஞ்சம் இறக்கி, றொபின்சனின் முழங்காலுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இந்தப் பக்கம் திரும்பு மச்சான். அங்கால வெளிச்சம் சரியில்ல."

வானம் எங்கும் ஒரே மூட்டம்தான். றொபின்சன் திரும்பி நின்றார். பின்னணியில் மேடும் மரமும் மட்டும் வந்தன.

திரும்பும் வழி முழுக்க பஸ்லி மகளின் ஸ்கொலர்ஷிப் பரீட்சையைப் பற்றியும் வேனுக்கு மாற்ற வேண்டிய டயரைப் பற்றியும் பேசினார். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் திட்டியிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். றொபின்சன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பஸ்லி போட்ட படத்துக்குக் குழு நிறைய வாழ்த்து. விராலை அந்தப் பக்கத்தில் லூலா என்றும் சொல்வார்கள். மனைவி டொறீன் மீனைக் கண்டதும், "லூலா ஒடம்புக்கு நல்லது. இன்னைக்காவது வீட்டுக்கு ஒண்ணு கொண்டாந்தீங்களே" என்று வெட்ட உட்கார்ந்தாள். அவர் சாப்பிடும்போது போனில் தனியாக ஒரு செய்தி வந்தது. அன்ஸாரிடமிருந்து.

'பஸ்லி படம் காட்டினாரு. நல்ல மீன் மாஸ்டர். ரொம்ப நாளா உங்களுக்கு ஒண்ணும் படல்லன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம்.'

றொபின்சன் மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

மறுநாள் காலை முதல் வகுப்பை ரத்துச் செய்துவிட்டு அன்ஸாரின் கடைக்குப் போனார். அன்ஸார் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். றொபின்சன் உட்காரவில்லை.

"நானா, அந்த மீன் குஞ்சோட இருந்திச்சு. தெரிஞ்சுதான் போட்டேன்."

அன்ஸார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ்லி அத சொல்லல்ல."

"அவன் சொல்ல மாட்டான். நான்தான் சொல்றேன். அன்னைக்கு உங்களப் பேசினதுக்கு என்ன மன்னிக்கணும்."

"இத எனக்கிட்டத் தனியா வந்து சொல்றீங்க மாஸ்டர்." அன்ஸாரின் குரல் உயரவில்லை. "என்னயப் பேசினது எல்லாருக்கும் கேக்கத் தானே. அந்த வொய்ஸ யாரோ எங்க மக நிஷ்மியாவுக்கும் அனுப்பியிருக்காங்க. ராச் சோறு சாப்பிடுறப்போ அவ போட்டுக் காட்டினா. பொஞ்சாதி புள்ளைங்க முன்னால உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தேன். நான் மெய்யாவே அந்தக் குஞ்சக் கவனிக்கல்ல."

ஒருவர் ஆணி வாங்க வந்தார். அன்ஸார் தராசுப் பக்கம் போனார். றொபின்சன் வெளியே வந்தார்.

காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குழுவுக்குக் குரல் பதிவு செய்தார். முதலில் நாணலைப் பற்றியும் நேரம் போனதைப் பற்றியும் சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை. அழித்தார். இரண்டாவதில் சுருக்கமாகச் சொன்னார்: "நேத்து நான் எடுத்த லூலா குஞ்சோட நின்னது. கண்டுக்கிட்டுதான் எடுத்தேன். அன்ஸார் நானா காணாம செஞ்சாரு, அவர நான் அசிங்கப்படுத்தினேன். அவருக்கிட்ட எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்." அன்ஸாரைத் திரும்பச் சேர்த்துவிட்டு அதை அனுப்பினார்.

முதலில் ஒருவர், 'ஒரு மீனுக்குப் போய் இவ்வளவா மாஸ்டர்' என்றார். இன்னொருவர் 'பெரிய மனசு' என்று இதயப் படம் போட்டார். அப்புறம் நிறைய இதயங்கள். அன்ஸாரை நீக்கியபோது கைதட்டிய அதே ஆட்கள். தன்னை நீக்கச் சொல்லி ஒருவராவது எழுதுவார் என்று றொபின்சன் காத்திருந்தார். யாரும் எழுதவில்லை.

அன்ஸார் பதிவைக் கேட்டதற்கான அடையாளம் தெரிந்தது. அதற்குச் சற்றுப் பிறகு, அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று காட்டியது.

பஸ்லி உடனே அழைத்தார். "மச்சான், நானா போயிட்டாரே. நான் கதைச்சுப் பாக்கட்டா?"

"வேணாம் பஸ்லி. அவரு கேக்கணும்னுதான் போட்டேன், கேட்டுட்டாரு. திரும்பி வரணும்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு?"

"அப்ப குழு?"

"நீ பாத்துக்க" என்றார் றொபின்சன். பொறுப்பை பஸ்லியின் பெயருக்கு மாற்றிவிட்டு அவரும் வெளியேறினார். பிறகு அடுத்த வகுப்புக்கு நேரமாகியும் காரை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.