இரண்டு உயரத் தண்ணீர்

1864ஆம் ஆண்டு ஐப்பசி இருபதாம் தேதி காலையில் பாரிவாக்கம் ஏரித் தண்ணீர் இரண்டு உயரத்தில் நின்றது. கோடையில் சர்வேக்காரர்கள் காய்ந்த ஏரியின் நடுவே சங்கிலி இழுத்துக் கல் நட்டிருந்தார்கள். கிழக்கு சிறு ஜமீன்தாரான மிட்டாதாருக்கு, மேற்கு பட்டா வாங்கிய குடியானவர்களுக்கு. மழை பெய்ததும் கிழக்கே ஆள் உயரம் கூடுதலாக ஏறிய தண்ணீர், கல் நட்ட கோட்டில் சுவர்போல் நின்றுவிட்டது. எருமைகள் முதலில் மிரண்டன, பிறகு பழகின.

அதுவரை வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு மண் சுமப்பது வழக்கம். மேற்கே அது நின்றுபோனது. அவனவன் வயலுக்கு அவனவன் வாய்க்கால் வெட்டினான். வாய்க்காலுக்காக மண்வெட்டியால் மண்டையைப் பிளந்துகொண்டார்கள். தப்பியவர்கள் பூந்தமல்லி கோர்ட்டு வாசலில் கிடந்தார்கள். கிழக்கே சாட்டையடியில் மண் சுமந்தார்கள். சுமக்க மறுத்த நாகப்பனை உயிரோடு கரைக்குள் வைத்து மூடினார்கள். அந்தக் கரை உடையவே இல்லை. விளைந்த நெல் மிட்டாதார் களஞ்சியத்துக்குப் போனது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, தாது வருஷப் பஞ்சத்தில் மேற்கு ஏரி பாளம் பாளமாக வெடித்தது. கிழக்கே தண்ணீர் தளும்பியது. மேற்கே நாகம்மாளின் புருஷன் பசியில் செத்திருந்தான். கடைசி விதைநெல்லை அவள் நாற்று விட்டிருந்தாள். அது கருகினால் இரண்டு பிள்ளைகளும் பிழைக்காது. கல்லைப் பேர்த்தால் தண்ணீர் சமமாகிவிடும் என்று மேற்கே எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கல்லுக்குக் காவல் நின்றவன் கிழக்கே மிட்டாதாரிடம் கூலிக்குப் பிழைத்த அவள் தம்பி வீரராகவன்.

ஒரு மத்தியானம் கடப்பாறையோடு ஏரிக்குள் இறங்கினாள். தண்ணீர்ச் சுவரிலிருந்து வீரராகவன் சொட்டச் சொட்ட வெளியே வந்தான்.

“அக்கா, கல்லாண்ட வராத. மிட்டாக்காரன் என் தோல உரிச்சிருவான்.”

“என் நாத்து கருகுது. உன் தோலு இன்னா ஜரிகையா?”

“சொல்லிகினே கீறேன், போக்கா!”

தடியை வீசினான். அவள் பற்கள் உதிர்ந்தன. கடப்பாறையை அவன் வயிற்றில் இறக்கினாள். ரத்தம் கோடுவரை ஓடி அங்கேயே நின்றது. மேற்கத்தியர் ஓடிவந்து கல்லைப் பேர்த்தெடுத்தார்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. தண்ணீர் அசையவில்லை.

பிணத்தின் தலை கிழக்கிலும் கால் மேற்கிலும் கிடந்ததால், யார் பொறுப்பு என்று தீராமல் வழக்கு செத்தது. நாற்று கருகியது. பிள்ளைகளில் ஒன்று தங்கியது.

மழை திரும்பியும் தண்ணீர் இரண்டு உயரத்தில்தான் நின்றது. ஊர் அதில் ஏறி இறங்க ஓர் ஏணி செய்துகொண்டது. வீரராகவன் பெண்டாட்டி எல்லம்மா கிழக்கே கோட்டின் ஓரமாகக் கரைமேல் குடத்தோடு வருவாள். கீழே மேற்குத் தண்ணீரில் நாகம்மாள் மொண்டுகொண்டிருப்பாள். ஒரு காலையில் எல்லம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

“கல்ல பேத்துட்டீங்களே அண்ணி, தண்ணி எறங்கிச்சா?”