மணி அடிக்க ஒரு ஆள் தேவை

நான் தனியாக வேனை எடுத்துக்கொண்டு போன முதல் நாள் அது. அதற்கு முன் ஆறு வாரம் இன்னொரு வழிகாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வளைவில் எதிரே டிராக்டர் வரும், எந்தக் கிராமத்தில் கழிப்பறை பூட்டியே கிடக்கும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன். ஜூன் மாதச் சனிக்கிழமை. மோர்ட்டன் ரயில் நிலைய வாசலில் காலை பத்து மணிக்குப் பதினான்கு பேரை ஏற்றினேன். ஐந்து கிராமங்களைச் சுற்றிக்காட்டி, மாலை ஐந்தேகால் ரயிலுக்கு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

எனக்குப் பின்னிருக்கையில் போல்டன் ஊர்க்காரர்களான இரண்டு சகோதரிகள். அக்கா மேவிஸ், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துத் தங்கை ஜாய்ஸ் பேசிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா லோர்னா, இந்தப் பக்கத்துல ஒரு வீடாவது நேரா நிக்குதா? எல்லாமே எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சில்ல இருக்கு!"

"இதெல்லாம் நானூறு வருஷமா நிக்குது. உன் வீட்டுக்காரர் நாலு நிமிஷம் நிப்பாரா?" என்றார் மேவிஸ். வேனே சிரித்தது.

முதல் இரண்டு கிராமங்களும் நன்றாகவே போயின. யாரும் ஓடையில் விழவில்லை. ஒன்றரை மணிக்கு மூன்றாவது கிராமமான நெதர் வெல்லோவுக்குள் நுழைந்தால் தேவாலய வேலி முழுக்க வெள்ளை ரிப்பன். கல்யாணம்! என் கூட்டத்துக்கு ஒரே குஷி. வேன் நிற்பதற்குள் கேமராவும் கையுமாக இறங்கிவிட்டார்கள்.

கல்லறைகளுக்கு நடுவே கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார் ஒரு பெரிய மனிதர். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"நீங்கதான் வேன் ஓட்டிட்டு வந்தீங்களா? வழியில பச்சை லேண்ட் ரோவர் ஒண்ணைப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"போச்சு. எல்லாம் போச்சு!"

அவர் பெயர் நெட். மாட்டுப் பண்ணைக்காரர். அந்தத் தேவாலயத்தில் மணி அடிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். கோபுரத்தில் ஆறு மணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு, ஒரு ஆள். மூன்றாவது மணியை ஒன்பது வருடமாக அடித்துவந்த பிப்பாதான் இன்றைய மணப்பெண். அவளுக்குப் பதிலாக வரவேண்டியவர் பக்கத்து ஊர் விவசாயி. அவருடைய பசு கன்று போடுகிறது, கன்று தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது, அதை விட்டுவிட்டு வர முடியாது என்று இப்போதுதான் சேதி வந்திருக்கிறது. கடைசி நேரத்திலாவது வந்துவிடமாட்டாரா என்று அவருடைய லேண்ட் ரோவரைத் தேடித்தான் நெட் ஓடிவந்திருக்கிறார்.

"அஞ்சு மணியை வச்சு அடிச்சிட்டுப் போங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் என் பயணி ஃபென்விக். காலையிலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கியவர் அவர்.

"பிப்பாவுக்குத் தெரியுமே ஐயா! ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் அந்தப் பொண்ணு வந்து அடிச்சா. அவ கல்யாணத்தன்னிக்கு அவளோட மணி சும்மா தொங்கணுமா?"

அப்போதுதான் ஜாய்ஸ் வாயைத் திறந்தார். "எங்க அக்கா அடிப்பா! பதினொரு வயசுலேர்ந்து அடிச்சவ."

மேவிஸின் முகம் சிவந்துவிட்டது. "சும்மா இரு ஜாய்ஸ்."

"எந்தக் கோபுரத்துல அடிச்சீங்க? எத்தனை வருஷம்?" நெட் ஒரே எட்டில் அவர் முன்னால் வந்து நின்றார்.

"அதெல்லாம் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கதைங்க. இவ கல்யாணத்தோட விட்டுட்டேன்."

"ஏன்?"

"கட்டையை உடைச்சிட்டேன்."

நெட் புரிந்துகொண்டு தலையாட்டினார். நாங்கள் விழிப்பதைப் பார்த்து அவரே விளக்கினார். மணியை வாய் மேலே பார்க்கத் தூக்கி நிறுத்துவார்களாம். அதைத் தாங்குவது ஒரு மரக்கட்டை. இழுப்பு கொஞ்சம் கூடிப்போனால் கட்டை முறிந்து, மணி மறுபக்கம் புரண்டு, கயிறு விருட்டென்று மேலே ஏறிவிடுமாம்.

"கயிறு என்னையும் சேத்துத் தூக்கிடுச்சு. கீழ விழுந்தப்ப தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மொத்தக் கல்யாணக் கூட்டமும் வாசல்ல நின்னு பாத்துச்சு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவ அதைச் சொல்லிச் சிரிப்பா" என்றார் மேவிஸ்.

ஜாய்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதனாலயா விட்ட? தோள்பட்டை வலின்னுல்ல சொன்ன?"

"உங்கிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

"அக்கா... நான் சும்மா விளையாட்டுக்குத்தானே..." என்றார் ஜாய்ஸ்.

"கட்டையை உடைக்காதவன் யாரு? நான் ரெண்டு உடைச்சிருக்கேன். ஒரு தடவை பிஷப் முன்னாடியே!" என்றார் நெட். "மணியோட நாக்கைக் கட்டிவிட்டுச் சத்தமில்லாம பத்து நிமிஷம் அடிச்சுப் பாருங்க. கை வரலேன்னா உங்க வேனுக்குப் போயிடுங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம்."

மேவிஸ் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கைப்பையைத் தங்கையின் கையில் திணித்தார். "இதைப் பிடி."

பத்து நிமிடம் கழித்து நெட் வெளியே வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டியதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணிகள் அடிப்பது சடங்கு முடிந்த பிறகுதான். மூன்று மணிக்கு முன்னால் கிளம்ப முடியாது. முதலாளியைக் கேட்கலாம் என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் போனில் சிக்னல் ஒரு புள்ளிகூட இல்லை. வேனருகே எல்லோரையும் கூட்டினேன். "இங்கேயே இருந்தா ஒரு கிராமம் போயிடும். என்ன பண்ணலாம்?"

"டிக்கெட்ல அஞ்சு கிராமம்னு போட்டிருக்கு" என்றார் ஃபென்விக்.

"ஒண்ணையாவது முழுசாப் பாருங்க சார்!" என்றார் ஜாய்ஸ். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. ஃபென்விக் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டேமுக்காலுக்கு நாங்கள் கோபுரத்தின் கீழ்த்தள வாசலில் நெருக்கியடித்து நின்றோம். உள்ளே ஆறு பேர் வட்டமாக நின்றார்கள். மேவிஸ் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றார். கயிற்றில் கம்பளி சுற்றிய இடத்தை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார்.

"எல்லாரும் தயாரா? இழு!" என்றார் நெட்.

முதல் மணி, இரண்டாவது, மூன்றாவது... ஆறும் படியிறங்குவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. என் காலடியில் தரை அதிர்ந்தது. மேவிஸின் கயிறு கூரைவரை போய்த் திரும்ப அவர் கைக்கே வந்தது. மூன்றாம் நிமிடத்தில் அவர் தடுமாறினார். அவருடைய மணியும் அடுத்ததும் ஒன்றாக மோதின. ஜாய்ஸ் என் முழங்கையை நசுக்கினார்.

"மூணு, கொஞ்சம் முன்னாடி! பயப்படாதீங்க, அது உங்க மணி!" நெட்டின் குரல் அசையவில்லை.

மேவிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அடுத்த சுற்றில் இடைவெளி சரியாக விழுந்தது. அதற்கடுத்த சுற்றிலும். நெட் இப்போது வரிசையை மாற்றிக் கூவ ஆரம்பித்தார். மேவிஸின் மணி நான்காவது மணிக்குப் பின்னால் போனது, இரண்டாவதுக்கு முன்னால் வந்தது. அவர் முகத்தில் வியர்வையும் சிரிப்பும் வழிந்தன. இருபது வயசு குறைந்ததுபோல் இருந்தார்.

யாரோ என்னை விலக்கினார்கள். மணப்பெண்! புகைப்படக்காரர் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார். அவள் காதில் வாங்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு மீதி நேரம் முழுக்கக் கேட்டாள். கடைசி மணி நின்றதும் உள்ளே பாய்ந்து மேவிஸைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க யாருன்னே தெரியாது, ஆனா எம் மணியை இவ்ளோ நல்லா அடிச்சிருக்கீங்க!"

"நடுவுல கொஞ்சம் சொதப்பிட்டேன் கண்ணு."

"நான் வாராவாரம் சொதப்புவேன். நெட்டைக் கேளுங்க!"

வெளியே வந்தால் ஃபென்விக் வேனை விட்டு இறங்கி, புல்வெளியில் இரண்டு கல்யாண விருந்தாளிகளுக்கு நடுவே பீர் கோப்பையோடு நின்றிருந்தார். "இன்னொரு தடவை அடிப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

மூன்றரைக்குத்தான் அவர்களைப் பிரித்து வேனில் ஏற்ற முடிந்தது. ஆளுக்கொரு துண்டு கேக் கையில் இருந்தது. ஒரு கிராமத்தை விட்டோம். கடைசிக் கிராமத்தில் பத்து நிமிடம் நின்றோம். வழியெல்லாம் ஜாய்ஸ் அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, கொப்புளங்களை ஈரக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு வந்தார். ரயில் வருவதற்கு நான்கு நிமிடம் முன்பு நிலையத்துக்குள் ஓடினோம்.

திங்கட்கிழமை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் வேலை போகவில்லை. அந்த வாரமே மேவிஸ் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தன் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் தேவாலயத்தில் மணி அடிக்கச் சேர்ந்துவிட்டாராம், புதன்கிழமைதோறும் பயிற்சியாம்.

அவர் பேசி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஜாய்ஸின் சத்தம் கேட்டது. "போனை வை அக்கா! காரை எடுத்துட்டேன், அங்க அஞ்சு பேர் காத்துட்டு இருக்காங்க!"