முன்னால் வந்து கூப்பிட்டவர்

1.

கடலை முழுமையாகப் புரிந்துகொண்ட மனிதர் இதுவரை ஒருவர்தான். அவர் மொன்ட்ரியாலில், ரொக்ஸ்பரோவில், பெற்றோருடன் வசிக்கிறார். நகராட்சிக் குளத்தில் நீச்சலில் மூன்றாம் நிலை தேறியவர். பெயர் றொசான். இக்கதையின் ஆசிரியரும் அவரே.

உண்மையில் கல்லூரி இதழ் கேட்டது கதையல்ல. கடலில் பாதுகாப்பாக நீந்துவது பற்றி ஒரு கட்டுரை. மார்ச் விடுமுறைக்கு எரிமலைத் தீவு விடுதியொன்றுக்குப் போய்வந்தவர் இவர் மட்டுமே.

2.

முதல் தொடக்கம்: "எரிமலை கக்கிய கருமணலை அலைகள் முத்தமிட..." (வெட்டியாயிற்று. விடுதி விளம்பரத்திலும் இதே வரி.)

இரண்டாம் தொடக்கம்: விடுதியில் கயாக் இருந்தது, நின்றபடி துடுப்புப் போடும் பலகை இருந்தது. றொசானின் அம்மா செலீன் எதையும் தொடவில்லை. நீந்தத் தெரியாதவர். சுடிதாருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, மணலுக்குள்ளையோ தாழப் போறியள்?"

"சும்மா தந்தவங்கள், போட்டிருக்கிறன். உனக்கென்ன?"

3.

இந்தப் பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்பது ஆசிரியரின் சந்தேகம். புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது செலீனின் உறுதி. பூசை தவறாதவர், ஆனால் இதை எந்தப் பாதிரியாரும் சொன்னதில்லை. கணவர் பேனாட் சாவியை மறந்துவிட்டுக் காருக்கு நடந்தால், பின்கதவால் ஓடி, வீட்டைச் சுற்றி, அவர் முன்னால் வந்து நின்றுதான் நீட்டுவார். மைனஸ் இருபதிலும். றொசான் இதை நண்பர்களுக்கு நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

4.

சம்பவம். கரும்பாறைகளுக்கருகே சிவப்புக் கொடி. அங்கே தண்ணீர் ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துப் போகும். கொடி மற்றவர்களுக்கானது என்று முடிவு செய்த றொசான், அலைகளுக்குத் தரிசனம் தருபவர்போல மெதுவாக இறங்கினார்.

செலீன் கண்டார். மகனின் முதுகுதான் தெரிந்தது. கூப்பிட முடியாது.

(ஒருக்கால் கத்தியிருக்கலாமே என்பீர்கள். ஆசிரியரும் பிறகு கேட்டார். "போற பிள்ளையையோ?" என்பது பதில்.)

மணலில் பக்கவாட்டாக ஓடி, தண்ணீருக்குள் இறங்கி, மார்பளவில் மகனை முந்தி, திரும்பி நின்று, "தம்பி, கரைக்கு வா அப்பன்" என்றார். அடுத்த அலை அவரைத் தூக்கியது. இழுவை இருவரையும் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நிலை சீக்கிரம் முடிந்தது. கரையை நோக்கி நேராக நீந்த நீந்தக் கரை தள்ளித் தள்ளிப் போனது. வாய் நிறைய உப்பு. அப்போது கைக்கு லைஃப் ஜாக்கெட் அகப்பட்டது. உள்ளே அம்மா இருந்தார்.

"பிடிச்சுக்கொள். உதையாதை."

"அம்மா, பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான். கத்து. இப்ப கத்தலாம், ரெண்டுபேரும் ஒண்டாத்தானே போறம்."

கத்தினார்கள். உயிர்காப்பாளர் பலகையில் வந்து, இழுவைக்குக் குறுக்காக விலக்கி, இருவரையும் கரை சேர்த்தார்.

5.

கட்டுரைக்கு: சிவப்புக் கொடி உங்களுக்கும்தான். இழுவையோடு மல்லுக்கட்டாதீர்கள்; மிதந்து, பக்கவாட்டாக விலகி, கத்துங்கள்.

கதைக்கு: அம்மா, அண்டைக்கு நீங்கள் மட்டும்

(மறுபடியும்.) அம்மா, எனக்கு உங்களிட்டை ஒண்டு

6.

முடிவுகள். அ) செலீன் நீச்சல் பழகுகிறார். (பொய். "இந்தக் குளிருக்குள்ளையோ?" என்றார்.) ஆ) மகன் கண்கலங்கி நன்றி சொல்கிறார். (வகுப்பில் முகம் காட்ட வேண்டுமே.) இ) யன்னலுக்கு வெளியே, இந்த நிமிடம், செலீன் பனிக்குள் பஸ்ஸுக்கு நடக்கிறார். கையுறைகள் மேசையில் கிடக்கின்றன. மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; ஆசிரியர் கையுறைகளோடு, வெறும் செருப்போடு, பின்கதவால் வீட்டைச் சுற்றி