காப்புக் கட்டிய சக்கரங்கள்

அந்த ஆடி மாதம் சதீஸ்குமாரின் தூக்கத்தைக் கெடுத்தது பங்காளி ரமேஷ் வாங்கிய புது வண்டிதான். பளிச்சென்று வெள்ளை நிறம், கூரையில் கண்ணாடி, உள்ளே உட்கார்ந்தால் மாமியார் வீட்டு மெத்தை மாதிரி இருக்கை. வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறான் என்று சதீஸ்குமார் பெருந்தன்மையாக இருந்திருப்பார். ஆனால் வண்டிக்குத் திருஷ்டி சுற்றிய கையோடு ரமேஷ் தெருவே கேட்கும்படி ஒன்றைச் சொல்லிவிட்டான்.

"இந்த வருசம் அம்மன் பொட்டி நம்ம வண்டியிலதான் மலை ஏறும்."

அவர்கள் ஊர் ஆலங்காயத்தை ஒட்டியது. பங்காளிகள் அத்தனை பேருக்கும் குலதெய்வம் பொன்னியம்மன். அம்மனின் கோயில் மலைமேல், காவலூர் தாண்டி, தார் ரோடு கைவிட்ட பிறகும் மண்பாதையில் போய், ஒரு மேடேறி இறங்கினால் வரும் பள்ளத்தில் இருக்கிறது. அம்மனின் நகையும் புடவையும் உள்ள மரப்பெட்டி வருஷம் முழுக்க ஊரில் இருக்கும். ஆடித் திருவிழா அன்று மட்டும் மலைக்குப் போகும். கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குக் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டுவார்கள். பரிவட்டம் என்றால் ஒரு முழப் பட்டுத்துணி. பூசை முடிந்ததும் பூசாரி அதை மறக்காமல் அவிழ்த்து வாங்கிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான், ஆலங்காயத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற சதீஸ்குமார், தன் பழைய ஜிப்ஸி ஜீப்பை விற்காமல் வைத்திருந்தார். மண்பாதையில் ஏறக்கூடிய வண்டி இதுவரை அது ஒன்றுதான் என்பதால், இத்தனை வருஷமும் பரிவட்டம் அவர் தலையைவிட்டு வேறு தலைக்குப் போனதில்லை.

விவகாரம் குடும்பத்தில் மூத்தவளான வெள்ளையம்மாளிடம் போனது. அவள் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை இரண்டு தரப்பும் காத்திருந்தது.

"பொட்டி பெரியவன் சதீஸு வண்டியிலயே வரட்டும். ஆனா எந்த வண்டி மொதல்ல கோயில் வாசலாண்ட போயி நிக்குதோ, அதுக்காரனுக்குத்தான் பரிவட்டம். போங்கடா."

இரண்டு பேருக்குமே பிடிக்காத தீர்ப்பு என்பதால், அதுதான் நியாயமான தீர்ப்பு என்று மற்ற பங்காளிகள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

மறுநாளே சதீஸ்குமார் வாணியம்பாடி ரோட்டில் செல்வநாதனின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார். செல்வநாதன் வண்டிகளைப் பழுது பார்ப்பவரல்ல. பழுதில்லாத வண்டிகளை மாற்றி அமைப்பவர். அமைப்பதைவிட அதை வீடியோ எடுத்துப் போடுவதில் இன்னும் கெட்டிக்காரர். அவர் ஜிப்ஸியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா சார் சக்கரம் இது? சைக்கிளாட்டம் கீது. பெரிய டயரு போட்டு, ஸ்பேசர் வெச்சி வெளிய தள்ளிட்டம்னா, வண்டி நிக்கற அழகே வேற."

ஸ்பேசர் என்பது நான்கு தோசைக்கல்லை அடுக்கி வைத்த கனத்தில் ஒரு அலுமினிய வட்டு. அச்சில் அதை முடுக்கி, அதன்மேல் சக்கரத்தை மாட்டினால், சக்கரம் வண்டியைவிட்டு வெளியே பிதுங்கி நிற்கும். எதற்கு அப்படி நிற்க வேண்டும் என்று சதீஸ்குமார் கேட்கவில்லை. பெரிய டயர் உள்ளே இடித்ததால் மட்கார்டின் ஓரத்தை வெட்டி எறிந்தார்கள். அதையும் அவர் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் பார்த்தால், குடிசைக்குக் கோயில் கதவு மாட்டின மாதிரி இருந்தது. அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி எடுத்துகினு வாங்க சார். சக்கரத்தக் கழட்டி, உள்ள இருக்கற ஸ்பேசர் நட்ட இன்னொரு திருப்பு திருப்பணும். புதுசுல லூசு குடுக்கும்" என்றார் செல்வநாதன். அன்று அந்த ஒர்க்‌ஷாப்பில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். அதையும் அவர் வீடியோ எப்படி வந்திருக்கிறது என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சதீஸ்குமாரும் டயர்மேல் கால் வைத்து நின்றபடி தலையாட்டி வைத்தார்.

வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்த மனைவி சிவசங்கரி டயரின் உயரத்தைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தாள்.

"இதுல ஏறணும்னா நான் பொடவைய முட்டிக்குமேல தூக்கணும். உங்க பங்காளிங்க முன்னால தூக்கட்டுமாங்க?"

"ஸ்டூல் ஒண்ணு வாங்கிக்கலாம்."

"சுவர் ஏறிக் குதிக்கிறவங்கதான் ஸ்டூலு வெச்சி ஏறுவாங்க" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். பூசாரி ரங்கசாமி பெட்டிக்கு ஒரு மஞ்சள் கயிறு, ஆண்களுக்கு ஆளுக்கொன்று, இரண்டு வண்டிகளின் ஸ்டியரிங்குக்கும் ஒவ்வொன்று என்று கட்டிவிட்டுக் கையைத் துடைத்தார். சதீஸ்குமாருக்கு அது போதவில்லை. ரமேஷின் வண்டிக்கும் ஒன்று, தன் வண்டிக்கும் ஒன்று என்றால் அப்புறம் என்ன மரியாதை?

"நாலு சக்கரத்துக்கும் கட்டுங்க."

"சக்கரத்துக்குக் கட்ற வழக்கமில்லியேப்பா."

"நாம செஞ்சா அதுதான் வழக்கம். கட்டுங்க."

ரங்கசாமி மஞ்சள் கயிற்றைச் சக்கரத்தின் நட்டுகளில் கோர்த்து, குறுக்கும் நெடுக்கும் பின்னி, நடுவில் வேப்பிலைக் கொத்தைச் செருகி, சந்தனத்தைக் குழைத்து அப்பினார். நான்கு சக்கரமும் பெரிய பெரிய பொங்கல் பானைகளைப் போல நின்றன. ரமேஷின் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சதீஸ்குமார் அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஊருக்குள்ளேயே அவர் வேண்டுமென்றே அடித்த ரவுண்டு ஒன்றில், சிவசங்கரிதான் முதலில் கேட்டாள்.

"இன்னாங்க, முன் சக்கரத்துல இன்னாவோ டொக்கு டொக்குன்னுது."

அப்போதுதான் செல்வநாதன் சொன்னது ஞாபகம் வந்தது. போன் போட்டார்.

"எடுத்துகினு வாங்க சார், அஞ்சு நிமிச வேலை."

"காப்புக் கட்டியாச்சுங்க. திருவிழா வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது."

"உங்களுக்கா, வண்டிக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"எங்க கோயில்ல அப்பிடியெல்லாம் இல்ல சார். சரி, அங்கியே யாரையாச்சும் வெச்சி சக்கரத்தக் கழட்டி முடுக்கிடுங்க."

கழற்றலாம். கழற்ற வேண்டுமென்றால் நட்டைத் தொட வேண்டும், நட்டைத் தொட வேண்டுமென்றால் கயிற்றை அறுக்க வேண்டும். ரங்கசாமியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தார். ரங்கசாமி காதைப் பொத்திக்கொண்டார்.

"கட்டின காப்ப நடுவுல அறுக்கறதா? அம்மா கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்க."

அம்மன் கேட்பதுகூடப் பரவாயில்லை. அறுந்த கயிற்றை ரமேஷ் பார்த்துவிட்டால் அவன் கேட்பான். அதுதான் சதீஸ்குமாருக்குத் தாங்காது.

"அப்ப நம்ம வண்டிய வெச்சிட்டு ரமேஷ் வண்டியிலயே போயிடலாம்ங்க" என்றாள் சிவசங்கரி. இதைவிட எளிய யோசனை கிடையாது. அதற்காகவே சதீஸ்குமார் திருவிழாவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பயம் இருந்தது. ஒவ்வொரு காலையும் யாரும் பார்க்காதபோது அந்த முன் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்ப்பார். அசையாது. அசையவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

திருவிழா அன்று வெள்ளையம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித்தான் ஜிப்ஸிக்குள் வைக்க முடிந்தது. மடியில் பெட்டியோடு அவள் முன்னால், ரங்கசாமி பின்னால். சிவசங்கரி வரமாட்டாள் என்றுதான் சதீஸ்குமார் நினைத்தார். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எதுக்கு? பின்னால பஸ்சுல வா."

"நீங்க இதுல போனா நானும் இதுலதான் போவேன்."

அந்த நேரத்திலாவது அவர் சாவியை எடுத்துப் பையில் போட்டிருக்க வேண்டும். அதற்குள் ரமேஷின் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. சதீஸ்குமார் கியரைப் போட்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பவே இரண்டு தோள்களும் கழன்றன. காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கோபுரங்கள் பின்னால் போயின. மண்பாதை வந்ததும்தான் அவருக்குச் சொர்க்கம் தெரிந்தது. மழை பெய்த பாதை. மட்கார்டுக்கு வெளியே பிதுங்கியிருந்த டயர்கள் சேற்றை வாரி வாரிப் பின்னால் இறைத்தன. கண்ணாடியில் பார்த்தால், ரமேஷின் வெள்ளை வண்டி எருமை குளித்து எழுந்த கோலத்தில் வந்துகொண்டிருந்தது. வைப்பர் படாத பாடு பட்டது. ஸ்பேசர் எதற்கு என்ற கேள்விக்குச் சதீஸ்குமாருக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் டொக், டொக், டொக் என்று சத்தம் கூடியது. சிவசங்கரி முன்னால் எட்டி அவர் தோளைத் தொட்டாள்.

"நிறுத்துங்க. சத்தம் சரியில்ல."

வெள்ளையம்மாளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவள் காதில் அது உடுக்கையாக விழுந்தது. மெல்லத் தலையை ஆட்டினாள், பிறகு உடம்பை ஆட்டினாள், கூந்தல் அவிழ்ந்தது.

"அம்மா வந்துட்டா!" என்று ரங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"நிறுத்துங்க, தயவு பண்ணி நிறுத்துங்க" என்றாள் சிவசங்கரி.

"நிறுத்தாதடா!" என்று கத்தினாள் வெள்ளையம்மாள். "எம் பிள்ளைங்க காத்துகினு கீறாங்க, போடா!"

ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தெய்வம். சதீஸ்குமார் தெய்வத்தின் பேச்சைக் கேட்டார். தெய்வம் அவருக்கு வேண்டியதைச் சொன்னது, அவ்வளவுதான் காரணம்.

மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும்போது, இடது பக்கம் எதுவோ தன்னை முந்துவதைக் கண்டு, கோபத்தோடு ஹாரனை அழுத்தினார். முந்தியது அவருடைய முன் சக்கரம். அது மஞ்சள் கயிறும் வேப்பிலையுமாகக் குதித்துக் குதித்து முன்னால் போவதை முழுசாகப் பார்ப்பதற்குள், வண்டியின் மூக்கு மண்ணில் குத்தி, கொஞ்ச தூரம் உழுதுகொண்டு போய், பாதையை அடைத்தபடி குறுக்கே நின்றது.

சதீஸ்குமார் திரும்பிப் பார்த்தார். சிவசங்கரியின் நெற்றி கம்பியில் இடித்துப் புடைத்திருந்தது. அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

சக்கரம் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு முன்பே வந்து காத்திருந்த கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அது கோயில் வாசலில் ஒரு வட்டம் போட்டு, இன்னொரு வட்டம் போட்டு, படிக்கு முன்னால் படுத்தது. உள்ளே ஸ்பேசரோடு சேர்ந்து கழன்று வந்ததால் கயிறு ஒரு இழைகூட அறுபடவில்லை. பம்பைக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

ரமேஷும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எல்லோருடனும் நடந்து இறங்கினான். ரங்கசாமி பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். ஆட்டம் அடங்காத வெள்ளையம்மாள் சக்கரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மொதல்ல வந்தது யாரு?"

"பெரிம்மா, அது டயரு" என்றான் ரமேஷ்.

"காப்புக் கட்டியிருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"உன் சக்கரத்துல இருக்குதா?"

ரங்கசாமி பட்டுத்துணியை உதறி, பயபக்தியோடு டயரைச் சுற்றிக் கட்டினார். பழைய துணி, பெரிய டயர். எட்டாமல் இன்னொரு துண்டு கேட்டு வாங்கி முடிச்சுப் போட்டார். சதீஸ்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பெரிம்மா, சக்கரம் என்னுது. எனக்குத்தானே கட்டணும்?"

வெள்ளையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எங்கடா வந்த? அது உன்ன வுட்டுட்டுத் தனியாத்தானே வந்துது. போயி வரிசையில நில்லு."

வரிசை அதற்குள் நீண்டுவிட்டது. இனி அந்தச் சக்கரம் கீழே இறங்காது, அம்மன் கேட்டு வாங்கிக்கொண்டது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். சிவசங்கரி புடைத்த நெற்றியில் விபூதியை அப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர்கள் முறை வந்தபோது சதீஸ்குமார் தன் டயரைப் பார்த்தபடி விறைத்து நின்றார்.

"கும்புடுங்க" என்றாள் அவள். "நம்ம யாரையும் கொல்லாம போச்சில்ல, அதுக்காவது வுழுந்து கும்புடுங்க."

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. சதீஸ்குமார், அத்தனை பங்காளிகள் முன்னாலும், சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற ரமேஷ், அடுத்தது தன் முறை என்று இருமிக் காட்டினான்.